கேரி கார்ட்டர் யாருடைய வீரர்? – எக்ஸ்போஸ் தொப்பி குறித்த விவாதம்

பார்க் எக்ஸ் வாசி:

மொன்றியலில் ஜாரிப் பூங்காவின் ஓரமாகச் செல்லும் ஃபயோன் தெருவின் ஒரு பகுதிக்கு மாநகராட்சி 2013-இல், இந்நகரின் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணிக்காக ஆடிய கேரி கார்ட்டரின் பெயரை வைத்தது. பூங்காவுக்கு மேற்கே, ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயர்ப்பலகையில் இருப்பவர் யாரென்று தெரியாது என்பதில் எனக்கு வியப்பில்லை. எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து நாங்கள் இங்கு வந்து சேர்ந்தபோது கார்ட்டர் நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டிருந்தார், அவர் முதலில் ஆடிய ஜாரிப் பூங்கா மைதானம் டென்னிஸ் அரங்கமாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு அவரைப் பற்றிச் சொன்னவர்கள், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த கியூபெக்காரர்கள்.

சென்ற வாரம் இங்கே ஒருவர், 2003-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் ஓர் அணியின் தொப்பியோடு அவர்கள் உருவத்தை வெண்கலத்தில் பொறித்துச் சுவரில் மாட்டும் அருங்காட்சியகம்) கார்ட்டரின் விருப்பத்தை மீறி அவருடைய வெண்கலப் பட்டயத்தில் மொன்றியல் எக்ஸ்போஸ் தொப்பியைப் பொறித்தது அநியாயம் என்று எழுதியிருந்தார். நான் அதை மறுக்கிறேன். அவர் அடித்த 324 ஹோம் ரன்களில் (களத்தின் வேலியைத் தாண்டும் அடிகள்) 220 எக்ஸ்போஸுக்காக அடித்தவை. மெட்ஸுக்காக அடித்தவை 89. பன்னிரண்டு சீசன்கள் இங்கே, ஐந்து அங்கே. வலது களத்திலும், பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இடத்திலும் மாறி மாறி நிறுத்தப்பட்ட இளைஞராகத் தொடங்கி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது பெற்ற கேட்சராக அவர் வளர்ந்தது இந்த நகரத்தில்தான். கணக்கைப் பார்த்தாலே இது போதும் என்பேன். ஆனால் கணக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2004-க்குப் பிறகு எக்ஸ்போஸ் என்றொரு அணியே இல்லை.

குயின்ஸ்காரன்:

அந்த வரியை எழுதியவன் நான்தான், ஐயா. எண்களை நீங்கள் சரியாகவே கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் உச்சம் எது என்று தானே சொல்லும்போது, பக்கத்தில் நின்று கூட்டல் கழித்தல் போட்டு "இல்லை, உன் உச்சம் இதுதான்" என்று மாற்றிச் சொல்வதற்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்பதே என் வாதம். தேர்வானபோது கார்ட்டர் மெட்ஸ் தொப்பியைத்தான் விரும்பினார். அதை ஒளித்து வைக்கவும் இல்லை.

அதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். 1986 அக்டோபர் 25 அன்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் மெட்ஸ் இரண்டு ரன் பின்தங்கி, இரண்டு பேர் ஆட்டமிழந்து, எந்த பேஸிலும் ஆள் இல்லாமல், தொடரையே இழக்கும் விளிம்பில் நின்றது. அந்த நிலையில் களத்துக்கு வந்து ஒரு சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி) அடித்து எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் கார்ட்டர். பாஸ்டன் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே போய் மெட்ஸை வெல்ல வைத்த பந்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பந்து வருவதற்கு வழி திறந்த சிங்கிளைக் குயின்ஸில் வளர்ந்த நாங்கள் மறக்கவில்லை. அதே தொடரின் நான்காவது ஆட்டத்தில், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், இரண்டு ஹோம் ரன்கள் அடித்ததும் அவரே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மொன்றியல் அவரை எப்படி அனுப்பி வைத்தது? 1982-இல் ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 14 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்த உரிமையாளர் சார்லஸ் ப்ரான்ஃப்மன், பிறகு அந்தத் தொகைக்காக வெளிப்படையாகவே வருந்தினார். கேமராவைக் கண்டால் சிரிப்பவர் என்று சக வீரர்கள் சிலரே "கேமரா கார்ட்டர்" எனக் கேலி செய்தார்கள். 1984-இல் 27 ஹோம் ரன்கள், தன் அடிகளால் அணிக்குக் கொண்டுவந்த 106 ரன்கள் என்று அவர் உச்சத்தில் இருந்தபோது, நான்கு வீரர்களுக்கு ஈடாக எங்களிடம் அனுப்பினார்கள். விற்றுவிட்டு, பிறகு எங்கள் பிள்ளை என்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய ஸ்கோர் அட்டை:

இருவரும் உணர்ச்சிவசப்படுவதற்கு முன் ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன். தொப்பியைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரத்தை ஹால் ஆஃப் ஃபேம் தன் கையில் எடுத்துக்கொண்டது கார்ட்டரை வீழ்த்துவதற்காக அல்ல. ஓர் அணி, தன் தொப்பியோடு உள்ளே நுழையும்படி வேறொரு வீரருக்குப் பணம் தர முன்வந்ததாகப் பேச்சு எழுந்ததைத் தொடர்ந்தே, கார்ட்டர் தேர்வாவதற்குச் சில காலம் முன்பு அந்த மாற்றம் வந்தது. கார்ட்டர் அந்த விதியின் பாதையில் நின்றவர், அவ்வளவுதான். முடிவு அறிவிக்கப்பட்டதும் அவர் அதை மனக்கசப்பின்றி ஏற்றார். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும் விழாவில் ஆற்றிய உரையில் சில வரிகளைப் பிரெஞ்சிலும் பேசினார். எக்ஸ்போஸ் தொப்பியுடன் அந்தச் சுவரில் ஏறிய முதல் வீரர் அவர். 2010-இல் எக்ஸ்போஸின் இன்னொரு பழைய வீரர் ஆண்ட்ரே டோசனுக்கும் இதே கதை நடந்தது: அவர் விரும்பியது சிகாகோ கப்ஸ் தொப்பி, கிடைத்தது எக்ஸ்போஸ் தொப்பி.

எண் முப்பது:

நீங்கள் இருவரும் தவறான ஆளுக்காகச் சண்டையிடுகிறீர்கள் என்பது என் பணிவான கருத்து. எக்ஸ்போஸின் நினைவை ஒரே ஒருவர் சுமக்க வேண்டுமென்றால் அவர், கார்ட்டரோடு அதே அணியில் ஆடிய டிம் ரெய்ன்ஸ்தான். கார்ட்டரும் டோசனும் வேறு தொப்பி கேட்டு, கிடைக்காமல், இந்தத் தொப்பியை ஏற்றுக்கொண்டவர்கள். ரெய்ன்ஸ் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை.

அவர் திருடிய (அடி எதுவும் இல்லாமலே ஓடிச் சென்று பிடித்த) 808 பேஸ்களில் 635 எக்ஸ்போஸ் சீருடையில் திருடியவை. 1981-இல் வீரர்களின் வேலைநிறுத்தம் சீசனைப் பாதியில் வெட்டியபோதும் 88 ஆட்டங்களில் 71 பேஸ்களைத் திருடினார். ஆனால் அவரை யாரென்று காட்டுவதற்கு எனக்கு ஒரே ஒரு நாள் போதும். 1986-இல் .334 சராசரியோடு லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்ற பிறகு ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய சுதந்திர வீரராகச் சந்தைக்கு வந்தவரை, உரிமையாளர்கள் கூட்டுச் சதி செய்து எந்த அணியும் வாங்காமல் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியின்றி மொன்றியலுக்கே திரும்ப விரும்பினாலும் மே மாதம் பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி முகாம் எதிலும் கலந்துகொள்ளாமல், 1987 மே 2 அன்று நேராகக் களமிறங்கி, முதல் பந்திலேயே டிரிபிள் (மூன்றாவது பேஸை எட்டும் அடி) அடித்தார். பத்தாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். எதிரணி நியூயார்க் மெட்ஸ், மைதானம் ஷேய் ஸ்டேடியம். குயின்ஸ்கார நண்பருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிப்பட்டவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழையப் பத்தாவது ஆண்டு வரை, அதாவது வாக்குச்சீட்டில் பெயர் இருக்கக்கூடிய கடைசி ஆண்டான 2017 வரை காத்திருந்தார். அவருக்காக வாதாட ஓர் அணி உயிரோடு இருந்திருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்குமா?

பார்க் எக்ஸ் வாசி:

எண் முப்பது ஐயா கடைசியாகக் கேட்ட கேள்வியில்தான் என் வாதமும் இருக்கிறது. ரெய்ன்ஸின் பெருமையில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் தன் திறமையை விளம்பரம் செய்யத் தெரியாத ரெய்ன்ஸும், முழங்காலை அரித்த செயற்கைத் தரையில் வாய் திறக்காமல் ஆடிய டோசனும் இருந்த அணியில், கையெழுத்துக் கேட்ட பிள்ளைகளிடம் நின்று சிரித்துப் பேசி இந்த விளையாட்டைப் பிரெஞ்சு பேசும் குடும்பங்களின் வரவேற்பறைக்குக் கொண்டு சென்றவர் கார்ட்டர். "கேமரா கார்ட்டர்" என்று சிலர் ஏளனம் செய்த அதே குணம்தான் ஹாக்கி நகரத்தில் பேஸ்பாலுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. 1982-இல் இரு லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே, எங்கள் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தபோது, தேசிய லீக்கின் தொடக்கப் பிட்சராக ஸ்டீவ் ராஜர்ஸும் அவர் பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் கார்ட்டரும் நின்றார்கள்.

இனி குயின்ஸ்காரர் கேட்டதற்கு வருகிறேன். விற்றது யார்? உரிமையாளர் விற்றார்; நகரம் விற்கவில்லை. இந்த வேறுபாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், எக்ஸ்போஸ் ரசிகர்களின் மொத்த வரலாறும் உங்களுக்குப் புரியாமல் போய்விடும். 1994-இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்த அணியை ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் நிறுத்தியது. அடுத்த வசந்தத்தில் லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிஸம், கென் ஹில், ஜான் வெட்டலண்ட் ஆகிய நால்வரையும் சில நாட்களுக்குள் இழக்கவிட்டதும் நிர்வாகமே. பிறகு லீக்கே அணியை வாங்கி, 2003, 2004 சீசன்களில் "உள்ளூர்" ஆட்டங்களில் 22-ஐ ஒவ்வோர் ஆண்டும் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோய் ஆடியது. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தவர்கள் வேறு யாரோ, பழி மட்டும் ரசிகர்கள் மீது.

அணி வாஷிங்டன் போனதும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மொன்றியலில் இனி வேறு எவரும் அணியக்கூடாதென ஓய்வு கொடுக்கப்பட்ட 8 (கார்ட்டர்), 10 (டோசன்), 30 (ரெய்ன்ஸ்) ஆகிய சீருடை எண்களை அங்கே புதிய வீரர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அந்த எண்களுக்கான பதாகையை 2005-இல் பெல் சென்டரின் கூரையில் ஏற்றியது ஒரு ஹாக்கி அணி, மொன்றியல் கனேடியன்ஸ். எக்ஸ்போஸின் சடைமுடி அடையாளப் பொம்மையான யூப்பியைக்கூட அவர்கள்தான் தத்தெடுத்தார்கள். மெட்ஸுக்கு மைதானம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, ஒவ்வோர் ஏப்ரலும் புதிய சீசன் இருக்கிறது. அங்கே கார்ட்டரை நினைவுகூர ஒரு பட்டயம் தேவையில்லை. எங்களுக்கு அந்தச் சுவரில் இருக்கும் மூன்று தொப்பிகளை விட்டால் பேஸ்பால் உலகத்தில் வேறு முகவரி இல்லை. ஒரு வீரரின் தனி விருப்பத்தைவிட அது எடை கூடியது என்று நான் கருதுகிறேன்.

குயின்ஸ்காரன்:

உங்கள் இழப்பை நான் சிறிதாக்கவில்லை. ஆயினும் ஒரு நகரத்தின் துயரத்துக்கு ஈடு செய்யும் கடமையை ஒரு வீரரின் தலையில் ஏற்றி வைப்பது எனக்கு உறுத்துகிறது. 2012 பிப்ரவரி 16 அன்று மூளைக் கட்டியால் 57 வயதில் அவர் இறந்தபோது, அந்த சீசன் முழுவதும் எங்கள் வீரர்கள் சீருடையில் "கிட்" என்ற அவருடைய செல்லப் பெயரையும் 8 என்ற எண்ணையும் தாங்கி ஆடினார்கள். நினைவு என்பது உங்கள் பக்கம் மட்டும் இல்லை.

பழைய ஸ்கோர் அட்டை:

அணிந்து ஆடினார்கள், உண்மை. ஆனால் அந்த 8-க்கு அவர் கண் மூடும் வரை மெட்ஸ் ஓய்வு கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1986 அணியின் கீத் ஹெர்னாண்டஸுக்கு 2022-லும், டுவைட் குடன், டாரில் ஸ்ட்ராபெர்ரி ஆகியோருக்கு 2024-லும் விழா எடுத்தார்கள். கார்ட்டர் அந்த வரிசையில் முன்னால் நின்றிருக்க வேண்டியவர். எக்ஸ்போஸ் அதை 1993-லேயே, அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே செய்துவிட்டது.

குயின்ஸ்காரன்:

அந்த ஒரு விஷயத்தில் எங்கள் அணிக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. அது எங்கள் நிர்வாகத்தின் குறை. கார்ட்டரின் விருப்பத்தை அது பொய்யாக்கிவிடாது.

இருபத்தேழு:

நான் இவர்கள் எல்லோருக்கும் பிறகு ஆட்டம் பார்க்கத் தொடங்கியவன். என் நாயகன் விளாடிமிர் குரேரோ. கையுறை போடாத வெறுங்கையால், தரையில் பட்டு எழும்பும் பந்தைக்கூட விடாமல் அடிப்பவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. 2002-இல் 39 ஹோம் ரன்கள், திருடிய பேஸ்கள் 40. ஒரே ஒரு ஹோம் ரன் குறைந்ததால், இரண்டிலும் நாற்பதைத் தொட்டவர்களின் 40-40 பட்டியல் கை நழுவியது. மொன்றியலில் எட்டு சீசன்கள், அனாஹெய்மின் ஏஞ்சல்ஸ் அணியில் ஆறு. அப்படியிருந்தும் 2018-இல் அவர் ஏஞ்சல்ஸ் தொப்பியோடுதான் உள்ளே போனார். அவர் விரும்பியதை ஹால் ஆஃப் ஃபேம் மறுக்கவில்லை. பார்க் எக்ஸ் அண்ணாவின் வாதப்படி அவர் எங்களை விட்டுப் போய்விட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே 2018 மார்ச்சில், மொன்றியலில் பிறந்த அவருடைய மகன் ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் அணிக்காக ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டத்தில் ஆடினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரனால் ஆட்டத்தை முடித்தபோது அவர் முதுகில் இருந்தது அப்பாவின் எண் 27. அன்று கூரை அதிரக் கத்திய கூட்டத்தில் எவரும் தகப்பன் எந்தத் தொப்பியைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கவில்லை.

பார்க் எக்ஸ் வாசி:

தம்பி, குரேரோவை அப்படி விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் தேர்வு செய்தார், ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்தச் சுவரில் நான்காவது எக்ஸ்போஸ் தொப்பியாக இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனது என்பதும் உண்மைதான். கார்ட்டரிடமும் டோசனிடமும் அன்று அதே தாராளத்தைக் காட்டியிருந்தால், ரெய்ன்ஸ் வரும் வரை எங்களுக்கு அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

குயின்ஸ்காரருக்கு ஒரு விஷயம். 2014 மார்ச் இறுதியில் ப்ளூ ஜேஸும் உங்கள் மெட்ஸும் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆடியபோது, அணியே இல்லாத நகரத்தில் இரண்டு நாட்களில் 96,000 பேருக்கு மேல் கூடினார்கள். முதல் நாள் கார்ட்டருக்கு அஞ்சலி நடந்தது. அவருடைய குடும்பத்தினர் வந்திருந்தனர். அழைக்கப்பட்ட எதிரணியாக மெட்ஸ் இருந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அதைவிடப் பொருத்தமான அணியை நாங்களே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

குயின்ஸ்காரன்:

அதை ஒப்புக்கொள்கிறேன். தொப்பி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

பழைய ஸ்கோர் அட்டை:

1992 செப்டம்பர் 27-ஐ இதுவரை யாரும் எழுதாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கார்ட்டர் ஆட்டத்தை முடித்துக்கொள்ள மொன்றியலுக்கே திரும்பி வந்த ஆண்டு அது. ஒலிம்பிக் மைதானத்தில் தன் கடைசி அடியாக வலது களத்தில் நின்றவரின் தலைக்கு மேல் ஒரு டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் அடி) அடித்தார். அந்த அடியில் வந்த ரன்னால் எக்ஸ்போஸ் 1-0 என வென்றது. வலது களத்தில் கப்ஸ் சீருடையில் நின்று அந்தப் பந்தைத் துரத்தியவர் ஆண்ட்ரே டோசன். அவருடைய ஆட்டம் மொன்றியலில்தான் முடிந்தது என்பதையும், விருப்பம் குறித்துப் பேசும்போது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண் முப்பது:

ரெய்ன்ஸும் 2001-இல் மொன்றியலுக்குத் திரும்பி வந்தார் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விலகுகிறேன். அவருக்காகத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். 1987 சீசனைப் பற்றிப் பேச விருப்பமுள்ளவர்கள் அங்கே வரலாம், கார்ட்டர் தொப்பியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.