சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஆடம்ஸ்: தமிழில் என்ன முறை?

கேள்வி

வணக்கம். மாசசூசெட்ஸ் ஆடம்ஸ் குடும்பத்தின் வம்சாவளியைத் தமிழில் எழுதி வருகிறேன். அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸுக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான பாஸ்டன் கிளர்ச்சியின் முன்னணியில் நின்ற சாமுவேல் ஆடம்ஸுக்கும் உள்ள உறவை ஆங்கில நூல்கள் ‘செகண்ட் கசின்’ என்கின்றன. தமிழில் எழுதியோர் சகோதரர் என்றும், ஒன்றுவிட்ட சகோதரர் என்றும், தூரத்து உறவினர் என்றும் பலவாறு எழுதியிருக்கிறார்கள். இவற்றுள் எதையும் என்னால் மனமொப்பி எழுத முடியவில்லை. இவர்களின் முன்னோர் இங்கிலாந்தில் எந்த ஊரினர் என்பதிலும் டெவன்ஷையர், சாமர்செட் என இரு கூற்றுகளைக் காண்கிறேன். ஜானின் மகனும் ஆறாம் குடியரசுத் தலைவருமான ஜான் குவின்சி ஆடம்ஸின் பெயரில் ‘குவின்சி’ எப்படி வந்தது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

சரியான சொல் நம்மிடமே இருக்கிறது: அவர்கள் பங்காளிகள். இங்கிலாந்திலிருந்து வந்து மாசசூசெட்ஸின் பிரெயின்ட்ரீ ஊரில் குடியேறி 1646இல் இறந்த ஹென்றி ஆடம்ஸின் மகன்களுள் ஒருவர் ஜோசப் (1626–1694). அந்த ஜோசப்பின் ஒரு மகன் தந்தையின் பெயரையே கொண்ட இளைய ஜோசப். மற்றொரு மகன் கப்பல் தலைவராக இருந்த ஜான். இளைய ஜோசப்பின் மகன் டீக்கன் (தேவாலயப் பணியாளர்) ஜான் ஆடம்ஸ், அவர் மகன் குடியரசுத் தலைவர். கப்பல் தலைவரின் மகன் மூத்த சாமுவேல், அவர் மகன் கிளர்ச்சித் தலைவர் சாமுவேல். ஆகவே தாத்தாக்கள் இருவரும் உடன்பிறந்தோர். பேரன்கள் இரண்டுவிட்ட சகோதரர்கள். சாமுவேல் 1722இலும் ஜான் 1735இலும் பிறந்ததால், சாமுவேலை ‘பங்காளி முறையில் அண்ணன்’ என்று ஐயமின்றி எழுதலாம். ஜானின் பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா முறை. ‘கசின்’ என்னும் ஒரே சொல் தந்தைவழியா, தாய்வழியா, மூத்தவரா, இளையவரா என்பதையெல்லாம் மறைத்துவிடுகிறது. தமிழில் எழுதுபவர் அந்த மறைப்பையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. இளைய ஜோசப்பின் மனைவி ஹன்னா பாஸ். அவருடைய தாய் ரூத், 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஆல்டனின் மகள். எனவே குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், ஆல்டனின் வழித்தோன்றல் ஆகிறார். சாமுவேலின் தாத்தா ஹன்னாவின் கொழுந்தன் மட்டுமே என்பதால், அந்த வழி சாமுவேலுக்குச் சேராது. ஆடம்ஸ் குடும்பம் முழுவதையும் ஆல்டனின் வழியில் சேர்க்கும் பிழை எளிதில் நேரக்கூடியது.

இரண்டாம் மறுமொழி

ஊர்ப் பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் ஜான் ஆடம்ஸே. தம் முன்னோர் ஹென்றிக்குக் குவின்சி ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் நிறுவிய நினைவுக்கல், ஹென்றி டெவன்ஷையரில் நேர்ந்த மதக் கொடுமைக்குத் தப்பி எட்டு மகன்களோடு வந்தார் என்று சொல்கிறது. குடும்பத்தில் வழங்கிய செய்தியை அவர் நம்பிப் பொறித்திருக்கிறார். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பங்குத் தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ஹென்றி சாமர்செட்டின் பார்ட்டன் செயின்ட் டேவிட் ஊரினர் என்றும், 1609இல் அருகிலுள்ள சார்ல்டன் மேக்ரெல்லில் ஈடித் ஸ்கொயரை மணந்தவர் என்றும் நிறுவினர். பேரனுக்குப் பேரன் வெட்டிய கல்லைவிடத் திருமணத்தன்றே எழுதப்பட்ட பதிவேட்டுக்கே நான் முதலிடம் தருவேன். கல்லின் வாசகத்தையும் விட்டுவிடாதீர்கள். குடும்பம் தன்னைப் பற்றி என்ன நம்பியது என்பதற்கு அதுவே சான்று.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752 வரை பிரிட்டனின் குடியேற்றங்களில் பழைய (ஜூலியன்) நாட்காட்டியே வழங்கியது. ஆண்டும் மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜான் ஆடம்ஸின் பிறந்த நாள் பழைய கணக்கில் அக்டோபர் 19, புதிய கணக்கில் அக்டோபர் 30. இரண்டும் சரியே; எந்தக் கணக்கு என்பதைக் குறிப்பிட்டால் போதும்.

மூன்றாம் மறுமொழி

‘குவின்சி’ தாய்வழி வந்த பெயர். ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல், வெய்மவுத் ஊரின் போதகர் வில்லியம் ஸ்மித்தின் மகள். அபிகேலின் தாய் எலிசபெத், கர்னல் ஜான் குவின்சியின் மகள். 1767 ஜூலை 11இல் அபிகேலுக்கு மகன் பிறந்தபோது கர்னல் இறக்கும் தறுவாயில் இருந்தார். தம் தந்தையின் பெயரைக் குழந்தைக்கு இட வேண்டும் என்று எலிசபெத் கேட்டுக்கொள்ள, மறுநாள் அப்பெயரிலேயே திருமுழுக்கு நடந்தது. 13ஆம் நாள் கர்னல் மறைந்தார். பிரெயின்ட்ரீயின் வட பகுதி 1792இல் தனி ஊரானபோது அதற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. மகளும் பேத்தியும் வேறு குடும்பங்களுக்குப் போன பிறகும் அந்தப் பெயர் அழியாமல் நின்றது என்பதே இந்த வம்சாவளியில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் இடம். ஆண்வழியை மட்டும் வரைந்தால் இது விடுபட்டுவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹன்னா பாஸுக்கும் எலிசபெத் குவின்சிக்கும் வம்சாவளிப் படத்தில் இடம் ஒதுக்கிவிட்டேன். இன்னொன்று: ஜான் குவின்சி ஆடம்ஸின் மகன் ஜான், 1828இல் வெள்ளை மாளிகையில் மணந்த மேரி கேத்தரின் ஹெல்லன் அவருக்கு என்ன உறவு?

முதல் மறுமொழி எழுதியவர்

மேரியின் தாய் நான்சி, மணமகனின் தாய் லூயிசாவுக்கு அக்காள். எனவே மேரி அவருக்குப் பெரியம்மா மகள். நம் வழக்கில் அது உடன்பிறந்தாள் முறை என்பதால் சிலர் அதை ‘மாமன் மகள்’ என்று மாற்றி எழுதிவிடக்கூடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்நாட்டு வழக்கில் தாயின் அக்காள் மகளுக்கும் மாமன் மகளுக்கும் வேறுபாடு இல்லை. ‘பெரியம்மா மகளை மணந்தார்’ என்று உள்ளபடியே எழுதி, இந்த விளக்கத்தை அடுத்த வரியில் கொடுங்கள்.

அந்தப் பக்கத்திலேயே முந்திய தலைமுறையின் ஒரு செய்தியையும் சேர்க்கலாம். ஜான் ஆடம்ஸின் மகள் நாபி 1786இல் வில்லியம் ஸ்டீவன்ஸ் ஸ்மித்தை மணந்தார். 1795இல் நாபியின் தம்பி சார்லஸ் அதே ஸ்மித்தின் தங்கை சாராவை மணந்தார். இது பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. இந்த நியூயார்க் ஸ்மித் குடும்பம் வேறு, அபிகேல் பிறந்த வெய்மவுத் ஸ்மித் குடும்பம் வேறு. படத்தில் இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்துவிடாதீர்கள்.