பால் பன்யன்: கேம்ப்பில் பிறந்த கதையா, கம்பெனி கட்டிய கதையா?

செந்நாரை:

வணக்கம். சிறுவர்களுக்கான ஒலிக்கதைத் தொடர் ஒன்றில் அமெரிக்க மரவெட்டிக் கதைகள் நான்கு பாகங்களாக வருகின்றன. கூடவே ஒரு சிறு படக்கதையும் உண்டு. நாயகன் பால் பன்யன் என்ற ராட்சச மரவெட்டிதான். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம். மரம் வெட்டும் கேம்ப்புகளில் வாய்வழியாக வந்த கதை என்கிறார்கள் ஒரு சாரார். மரக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காக உண்டாக்கியது என்கிறார்கள் இன்னொரு சாரார். எது பழையது, எது பின்னால் ஒட்டியது என்று எப்படிப் பிரிப்பது? அந்த ஆட்கள் இவற்றை எப்படிச் சொன்னார்கள்? ஓவியருக்கு என்ன எச்சரிக்கை தர வேண்டும்? கட்டம் போட்ட சட்டை, கோடரி, நீலக் காளை, இதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

ஏட்டுப்புழு:

அச்சில் வந்த வருஷங்களை வரிசையாக வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1904-இல் மின்னசோட்டாவின் டுலூத் நகர நாளிதழ் ஒன்றில் ஒரு குறிப்பு வருகிறது. கேம்ப்புக்குப் புதிதாக வந்தவனை ஏய்க்க, பன்யன் வடக்கு டகோட்டாவில் மரம் வெட்டிய வருஷத்தைப் பற்றிக் கதைவிடுவார்களாம். வடக்கு டகோட்டா பெரும்பாலும் புல்வெளி. நகைச்சுவையே அங்கேதான். 1906-இல் ஜேம்ஸ் மக்கிலிவ்ரே மிச்சிகனின் ஆஸ்கோடாவில் வந்த பத்திரிகையில் வட்ட ஆற்றுக் கதையை அச்சேற்றினார். 1910-இல் அதன் விரிந்த வடிவம் டெட்ராய்ட் பத்திரிகையில் வந்தது. தடிகளை ஆற்றில் விட்டு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு கேம்ப்பைக் கடக்கிறார்கள், இன்னொன்றைக் கடக்கிறார்கள், பிறகுதான் தெரிகிறது எல்லாமே தங்கள் கேம்ப்தான் என்று. ஆற்றுக்கு முகத்துவாரமே இல்லை, வட்டம்.

கம்பெனி இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. மின்னசோட்டாவின் ஏக்லியில் இருந்த ரெட் ரிவர் மரக் கம்பெனி கலிபோர்னியாவின் வெஸ்ட்வுட்டுக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த ஊர்ப் பைன் மரத்தை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. வில்லியம் லாஹெட் என்ற விளம்பரக்காரர் கேம்ப்புகளில் வேலை பார்த்தவர், கதைகளை அங்கேயே கேட்டவர். 1914-இல் அவர் எழுதி வரைந்த கையேடு வெளிவந்தது. அது சரியாகப் போகவில்லை. மரம் வாங்குபவர்கள் பலருக்குப் பன்யன் யாரென்றே தெரியாது. 1922 பதிப்புதான் நாடு முழுக்கப் பரவியது.

இடையில் 1916-இல் கே. பெர்னிஸ் ஸ்டூவர்ட், ஹோமர் வாட் இருவரும் மரவெட்டிகளிடம் நேரடியாகக் கேட்டுச் சேகரித்து விஸ்கான்சினில் வெளியிட்டார்கள். உங்களுக்கு உரைகல் இதுதான். ஓர் அத்தியாயம் 1910, 1916 பதிவுகளில் இருந்தால் கேம்ப்புச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். 1922-க்குப் பிறகு மட்டுமே கிடைத்தால், எழுத்தாளர் கைவண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலக் காளை 1916-இலேயே இருக்கிறது. எடை 5,000 பவுண்டு என்று சிலர், அதற்கு இரட்டை என்று சிலர். ஆனால் ‘பேப்’ என்ற பெயரை நிலைக்க வைத்ததும், ஜானி இங்க்ஸ்லிங்கர் என்ற கணக்குப்பிள்ளையைக் கொண்டுவந்தவரும் லாஹெட். காலடித் தடத்தில் ஏரிகள், கோடரியை இழுத்ததில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு என்று வருபவற்றைச் சுற்றுலாக் கணக்கில் எழுதுங்கள். 1910 வடிவத்தில் பன்யன் மலையளவு ராட்சசனும் இல்லை. கெட்டிக்காரக் கேம்ப் முதலாளி, அவ்வளவுதான்.

நெடுங்கிளை:

ஏட்டுப்புழு சொன்ன வரிசை சரி. ஆனால் அந்த உரைகல்லை மட்டும் நம்பினால் கதை செத்துவிடும். 1950-இல் ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டாரியல் ஆய்வாளர் இதற்காகவே ‘ஃபேக்லோர்’, அதாவது போலி நாட்டார் கதை, என்ற சொல்லை உண்டாக்கினார். அவர் முதலில் குறிவைத்தவற்றில் பன்யன் புத்தகங்களும் உண்டு. 1920-களில் வந்த தொகுப்புகளைப் பொறுத்தவரை அடி நியாயமானது. துண்டு துண்டாகச் சொன்னவற்றை இழுத்துக் கோத்து, பிறப்பு, இளமை, காதல் என்று வாழ்க்கை வரலாறாக்கி, தேசிய வீரன் வேஷமும் போட்டுவிட்டார்கள். கேம்ப்பில் யாரும் பன்யனை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னதில்லை.

எது அசல் என்றால், சொல்லும் முறைதான் அசல் என்பேன். அதை ஒலிக்கதையில் அப்படியே கொண்டுவரலாம்.

நேரம் முக்கியம். வேலை பனிக்காலத்தில். சதுப்பு உறைந்தால்தான் மரம் ஏற்றும் சறுக்குவண்டி ஓடும்; ராத்திரியில் தண்ணீர் தெளித்துப் பாதையைப் பனிக்கட்டியாக்குவார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு கிடையாது, சமையல்காரர் சட்டம். எனவே கதை எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கை வரிசைக்கு முன்னால் ஓடும் ‘டீக்கன் சீட்’ என்ற பலகையில், அடுப்பைச் சுற்றி. சுமார் ஒன்பது மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள், அதனால் கதை குட்டையாக இருக்கும். உங்கள் பாகம் ஒவ்வொன்றிலும் ஒரே நீளக் கதை வேண்டாம்; இரண்டு நிமிஷத் துண்டுகள் நாலைந்து, வெவ்வேறு குரல்களில்.

சொல்பவர் சிரிக்கவே கூடாது. சாட்சி சொல்வதுபோல, “நான் அந்த வருஷம் அங்கே இருந்தேன்” அல்லது “அங்கே இருந்த ஆளோடு வேலை பார்த்தேன்” என்று தொடங்க வேண்டும். பொய் எவ்வளவு பெரிதோ அளவு அவ்வளவு துல்லியம்: காளையின் இரண்டு கண்களுக்கு நடுவே 42 கோடரிக் காம்பும் ஒரு புகையிலைக் கட்டியும். “பிரம்மாண்டமான காளை” என்றால் கதை படுத்துவிடும்; அந்தப் புகையிலைக் கட்டிதான் சிரிக்க வைப்பது. தோசைக்கல்லைப் போன்ற பெரிய இரும்புக் கல்லில் எண்ணெய் தடவ, காலில் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் சறுக்கினார்கள் என்பதும் இதே ஜாதி. கேட்பவரும் மறுக்க மாட்டார். “அதுகூடப் பரவாயில்லை” என்று அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்துவிடுவார். மூன்றாவது ஆள் முதலாமவரின் அளவைத் திருத்துவார். புதிதாக வந்த பையன் நடுவில் நம்பிக் கேள்வி கேட்பான், மொத்தக் கூட்டமும் அவனுக்கு அக்கறையாகப் பதில் சொல்லும். உங்கள் சிறுவர் கதாபாத்திரத்தை உட்கார வைக்க வேண்டிய இடம் அதுதான்.

முடிவில் “ஹஹா” என்று பின்னணிச் சிரிப்பு சேர்ப்பவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றாங்கண்:

கேட்டது பன்யன் என்றாலும், காட்டு ஜந்துக்களை விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு இவைதான் பிடிக்கும். மின்னசோட்டாவின் முதல் மாநில வனத்துறைத் தலைவர் வில்லியம் காக்ஸ் 1910-இல் இவற்றுக்கு ஒரு புத்தகமே போட்டார், லத்தீன் பெயர்களோடு.

ஜந்து ஒவ்வொன்றும் வேலையிடத்தில் நடந்த ஏதோ ஒன்றுக்குச் சாக்கு. காட்டுக்குள் போனவன் திரும்பவில்லையா? ‘ஹைட்பிஹைண்ட்’ பிடித்துவிட்டது. எப்போதும் முதுகுக்குப் பின்னால் ஒளிவதால் யாரும் பார்த்ததில்லை. வெளியே போட்டுவைத்த கோடரிக் காம்பு காணோமா? ‘ஆக்ஸ்ஹேண்டில் ஹவுண்ட்’ தின்றுவிட்டது. புயலில் மரம் சிதறிக் கிடந்தால் ‘ஸ்ப்ளின்டர் கேட்’ தலையால் முட்டியிருக்கிறது. பென்சில்வேனியாவின் ஹெம்லாக் காடுகளில் ‘ஸ்குவாங்க்’: தோல் சரியாகப் பொருந்தாத, மருக்கள் நிறைந்த பிராணி, தன் அழகின்மையை நினைத்து அழுதுகொண்டே இருக்கும், மூட்டையில் பிடித்துப் போட்டால் கண்ணீராகக் கரைந்துவிடும்.

‘ஹோடாக்’ மட்டும் வேறு ரகம். யூஜீன் ஷெப்பர்ட் என்பவர் விஸ்கான்சினின் ரைன்லாண்டரில் 1893-இல் அதைக் கொன்றதாகச் செய்தி விட்டார், 1896-இல் உயிரோடு பிடித்ததாகவே சொல்லிச் சந்தையில் இருட்டுக் கூடாரத்தில் காட்டினார். மரக்கட்டை, மாட்டுத் தோல், அசைக்கக் கம்பிகள். விஞ்ஞானிகள் பார்க்க வருவதாகத் தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். ஊர் கோபித்துக்கொள்ளவில்லை, இன்று அந்த ஊர்ப் பள்ளி அணிகளின் சின்னமே ஹோடாக்தான். அது வெள்ளை புல்டாக் நாய்களை மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தின்னுமாம். இங்கேயும் துல்லியம்தான் கைகொடுக்கிறது, நெடுங்கிளை சொன்ன மாதிரி.

செந்நாரை:

மிக்க நன்றி. துண்டுக் கதைகள், பல குரல்கள் என்ற யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஓவியர் பக்கம் யாராவது? மரம் விழும் காட்சி இரண்டு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சாலையோரச் சிலைகளையும் காட்டலாமா என்று கேட்கிறார்.

ஈர்வாள்:

மரம் விழும் காட்சியில் எல்லாப் படக்கதைகளும் செய்யும் தப்பு: பென்சில் சீவினதுபோல நாலாபக்கமும் வெட்டியிருப்பது. அப்படிச் செய்தால் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. சரியான முறையில், விழ வேண்டிய பக்கத்தில் கோடரியால் ஆப்பு வடிவ வாய் முதலில். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்த வாயைவிடச் சற்று உயரத்தில், ரம்பம். இரண்டும் சந்திக்கக் கூடாது. நடுவில் வெட்டாமல் விடும் மரப் பகுதிதான் கீல்போல மடிந்து மரத்தைத் திசைப்படுத்தும். ரம்பம் இறுகினால் பின்னால் இரும்பு ஆப்பு அடிப்பார்கள்.

ரம்பம் இருவர் பிடிக்கும் நீள ரம்பம். இழுக்க மட்டும்தான், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒருவர் சாய்ந்து இழுக்கும்போது மற்றவர் கை தளர்வாகப் போக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்து முக்கினால் படம் பொய். பிசினைக் கரைக்க ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கட்டும். சங்கிலி ரம்பம் எங்கேயும் வரக் கூடாது. காடுகளில் அது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

இருபக்கக் கோடரி என்றால் இரண்டு விளிம்பும் ஒன்றல்ல. மெல்லியது மரம் வெட்ட, சற்றுத் தடித்தது கிளையும் முடிச்சும் கழிக்க. கால்சட்டையின் அடி மடித்துத் தைக்காமல் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். கிளையில் மாட்டினால் துணி கிழிய வேண்டும், ஆள் விழக் கூடாது. ஆற்றில் தடி ஓட்டுபவர் பூட்ஸில் அடிப்பக்கம் ஆணிகள். கையில் பீவி: முனையில் கூர் ஈட்டி, பக்கத்தில் அசையும் கொக்கி. 1858-இல் மெய்ன் மாநிலக் கொல்லர் ஜோசப் பீவி செய்தது, பெயரும் அவருடையதே. ஈட்டி இல்லாமல் கொக்கி மட்டும் இருந்தால் அது தரையில் தடி புரட்டும் கருவி. ஆற்றுக் காட்சியில் வரையாதீர்கள்.

சிலைகள் பற்றி: பன்யன் யாருக்கும் சொந்தமில்லாததால் ஊருக்கு ஊர் வைத்துக்கொண்டார்கள். மின்னசோட்டாவின் பெமிட்ஜியில் 1937-இல் வைத்தது 18 அடி, பக்கத்தில் காளை. மெய்னின் பேங்கரிலும் ஓரிகனின் போர்ட்லாண்டிலும் 1959-இல் வைத்தவை ஒவ்வொன்றும் 31 அடி. கலிபோர்னியாவின் கிளமத்தில் 49 அடி. ஓவியருக்குப் பிடிக்கக்கூடியது இன்னொன்று: அமெரிக்கச் சாலையோரங்களில் நிற்கும் ‘மஃப்ளர் மேன்’ என்ற கண்ணாடியிழை ராட்சசர்களின் கைகளைப் பாருங்கள். ஒரு உள்ளங்கை மேல்நோக்கி, இன்னொன்று கீழ்நோக்கி. முதல் அச்சு 1960-களின் தொடக்கத்தில் பன்யன் சிலைக்காகச் செய்தது. கோடரி பிடிக்கத்தான் அந்தக் கை. பிறகு அதே அச்சில் வார்த்து டயர், சைலன்சர் என்று கொடுத்தார்கள். இல்லினாயின் அட்லாண்டா ஊரில் நிற்பவர் கையில் ஹாட் டாக்.