ஏப்ரல் 24-ல் மல்கோவாவாம், டீச்சருக்கு ஒரு கூடையாம்

பாலக்கோட்டான் (ஏப்ரல் 29, இரவு 8.40)
நேற்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். அவர் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்த கடைசி நாள், ஏப்ரல் 24 அன்று, "எங்கள் இயற்கைத் தோப்பில் மரத்திலேயே பழுத்த மல்கோவா ஒரு கூடை" வகுப்பு டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தானாம். டீச்சர் கண்கலங்கிவிட்டாராம். வருடம் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் முன்னால் கடைசி நாளில் வெறுங்கையோடு போய் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது, பெற்றோருக்கு நன்றி என்பதே இல்லை என்று முடித்திருந்தார்.

பரிதாபப்படட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஏப்ரல் 24-ல் மல்கோவா எங்கிருந்து வந்தது? பதினாறு வருடம் மாங்காய் மண்டியில் உட்கார்ந்தவன் கேட்கிறேன். ஏப்ரலில் செந்தூரா வரும், சரி. மல்கோவா மே கடைசியைப் பார்க்காமல் கூடைக்கு வராது.

சந்தூர் தோப்பு (8.52)
அந்த "ஒருவர்" நான்தான். என்னிடமே நேராகக் கேட்டிருக்கலாம், மறைந்து நின்று கல் எறிய வேண்டியதில்லை. நான் எழுதியது நன்றியைப் பற்றி. நீங்கள் பழத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எங்கள் தோப்பில் கிணற்றோரம் ஒரு மரம் எப்போதும் முந்திக் காய்க்கும். அப்பா வைத்த மரம்.

பாலக்கோட்டான் (8.55)
முந்திக் காய்க்கும் என்றால் எத்தனை நாள் முந்தி? ஒரு வாரம் என்றால் நம்புவேன். ஐந்து வாரம் முந்துகிற மரத்தைத் தோட்டக்கலைத் துறைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவார்களே. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியே வழக்கமாக ஜூன் பக்கம்தான் வைக்கிறார்கள். உங்கள் கிணற்றோர மரத்தைக் கேட்காமல் வைத்துவிட்டார்கள் போல.

அரூர் அம்மா (9.10)
பழம் எந்த மாதத்துப் பழமானால் என்ன அண்ணா? என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். மகள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் 42 பிள்ளைகள். கடைசி வாரம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. தலைக்கு 200 ரூபாய், மொத்தம் 8,400. டீச்சருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு. பணம் கட்டியவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். ஒரு நாளைக்கு மூன்று முறை அதே பட்டியலைப் போடுவார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் டிக் இல்லாத பெயர் நான்கு. அதில் ஒன்று என் மகள் பெயர்.

கட்ட முடியாமல் இல்லை. கட்டக்கூடாது என்று இருந்தேன். மகள் தானாக ஒரு வாழ்த்து அட்டை செய்தாள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் பூ வரைந்து, நடுவில் நிஜச் சாமந்தி இதழை ஃபெவிகால் போட்டு ஒட்டினாள். "மிஸ், நீங்க சிரிச்சா எனக்குக் கணக்கு வரும்" என்று எழுதினாள். விளக்கைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். அட்டை எங்கே போனது என்று தெரியாது. ராத்திரி அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மிஸ் படிச்சிருப்பாங்களாம்மா?"

சந்தூர் தோப்பு (9.16)
தங்கச்சி, நான் சொன்னது உங்களைப் போன்றவர்களை இல்லை. அட்டை கொடுத்தீர்கள் இல்லையா, அதுவும் நன்றிதான்.

அரூர் அம்மா (9.18)
"வெறுங்கை" என்று எழுதினீர்களே அண்ணா. விளக்கு வாங்கியவர்கள் எங்களைச் சொன்னதும் அதே வார்த்தைதான்.

பாலக்கோட்டான் (9.19)
அம்மா, உங்கள் ஆத்திரம் நியாயம். 8,400 ரூபாய் வசூல் செய்தவர்களை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுச் சாமந்தி சாமந்திதான். அதில் பொய் இல்லை. நான் கேட்பது ஏப்ரல் 24.

விதிப்புத்தகம் (9.31)
இப்படிப் பேசினால் விடியும்வரை பேசலாம். அன்பளிப்பு எது, லஞ்சம் எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 1973-ம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. பரிசு வாங்குவதைப் பற்றி அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே எந்தப் பள்ளி, எவ்வளவு மதிப்பு, யார் கொடுத்தது, தேர்வுக்கு முன்னாலா பின்னாலா என்று

விதிப்புத்தகம் (9.32)
கை தவறிப் பாதியில் அனுப்பிவிட்டேன். என்று வரையறுத்துவிட்டுப் பேசினால் நல்லது.

பாலக்கோட்டான் (9.33)
வரையறுத்தாயிற்று. பழம் மல்கோவா. தேதி ஏப்ரல் 24.

ஓசூர் நைட் ஷிஃப்ட் (9.47)
நாங்கள் கிஃப்ட் கார்டு அனுப்பினோம். போனிலேயே போய்விட்டது. கூடையும் இல்லை, சண்டையும் இல்லை. டீச்சர் அழவும் இல்லை.

சந்தூர் தோப்பு (9.50)
லஞ்சம் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். பரீட்சையும் முடிந்துவிட்டது. என் மகன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறான். ஒரு கூடைப் பழத்தால் எனக்கு என்ன லாபம், சொல்லுங்கள்.

அரூர் அம்மா (9.54)
உங்கள் சின்னவன் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேருகிறான் என்று போன வாரம் நீங்கள்தானே இங்கே எழுதினீர்கள்?

சந்தூர் தோப்பு (10.01)
அது வேறு விஷயம்.

மலையடி டீச்சர் (10.20)
நான் பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். மொத்தமே 19 பிள்ளைகள். எங்களையும் கொஞ்சம் பேச விடுவீர்களா?

கடைசி நாளில் எனக்கு வந்ததைச் சொல்கிறேன். ஒருத்தி புளி கொண்டுவந்தாள். கொட்டை எடுக்காத புளி, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே சணல் சுற்றி. "நான் தட்டுனது டீச்சர்" என்றாள். விரலெல்லாம் பழுப்பேறி இருந்தது. இன்னொருவன் நாட்டுக்கோழி முட்டை இரண்டை நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்து எடுத்துவந்தான். ஒன்று உடைந்து கணக்கு நோட்டு முழுக்க மஞ்சள். அழுதுகொண்டே மற்றதை நீட்டினான். அந்த முட்டையை வாங்காதே என்று எந்த விதிப்புத்தகமும் என்னிடம் சொல்ல முடியாது. பதினோரு பேர் எதுவும் கொண்டுவரவில்லை. யார் என்று கேட்டால் இப்போது எனக்கே நினைவில்லை.

கூடை நிறையப் பழம் வாங்குகிற டீச்சருக்கு, எடுத்துப்போக வண்டி வேண்டும். நான் பஸ்ஸில் போகிறவள்.

பாலக்கோட்டான் (10.24)
வணக்கம் டீச்சர். இதோ, இது நம்பும்படி இருக்கிறது. புளி மாசி பங்குனியில் உலுக்குவார்கள், சித்திரையில் தட்டுவார்கள். ஏப்ரலில் புளி வந்தது என்றால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டோம். அந்தப் பெண்பிள்ளைக்குப் பருவம் தெரிந்திருக்கிறது. சந்தூர்க்காரருக்குத் தெரியவில்லை.

மலையடி டீச்சர் (10.26)
நான் சொன்னது அதற்கில்லை ஐயா.

சந்தூர் தோப்பு (10.33)
சரி, கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துக்குக் கல்டார் என்கிற ரசாயன மருந்தை ஊற்றினால் முன்கூட்டியே பூக்கும். விவசாயம் தெரிந்தவனுக்கு இது தெரியும். மண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

பாலக்கோட்டான் (10.35)
ஆகா! "எங்கள் இயற்கைத் தோப்பில்" என்று எழுதியது யார்? இப்போது கல்டார் வருகிறது. இன்னும் அரை மணி நேரம் போனால் பழுக்க வைக்கிற கார்பைடு கல்லும் வந்துவிடும். அப்புறம் "மரத்திலேயே பழுத்த" என்று வேறு. எந்தத் தோப்பில் ஐயா மரத்தில் பழுக்க விடுகிறார்கள்? முற்றிய காயாகப் பறித்து வைக்கோலில் போட்டுத்தான் பழுக்க வைப்போம். மரத்தில் பழுத்தது அணிலுக்கு. டீச்சருக்கு அணில் கடித்ததையா கொடுத்தீர்கள்?

சந்தூர் தோப்பு (10.37)
கார்பைடு பற்றி மண்டிக்காரர் பேசுவதுதான் வேடிக்கை. அந்தக் கல்லைத் தடை செய்து எத்தனை வருடம் ஆகிறது? அதிகாரிகள் வந்து பழத்தைக் கொட்டி அழிப்பது தோப்பிலா, குடோனிலா?

ஐந்துரோடு சேலம் (10.44)
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மல்கோவா என்றாலே சேலம்தான். நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள் என்றே புரியவில்லை.

சந்தூர் தோப்பு (10.45)
வந்துவிட்டார். சேலத்து மாம்பழம் என்று அட்டை ஒட்டி விற்பதில் எவ்வளவு எங்கள் பக்கத்துப் பழம் என்று லாரிக்காரரைக் கேளுங்கள்.

பாலக்கோட்டான் (10.46)
இதில் மட்டும் சந்தூர்க்காரர் சொல்வது சரி. சேலம் விலகி நிற்கவும்.

ஐந்துரோடு சேலம் (10.49)
1965 வரைக்கும் தர்மபுரியும் சேலம் மாவட்டம்தான். ஞாபகம் இருக்கட்டும்.

பாலக்கோட்டான் (10.52)
அப்படிப் பார்த்தால் 2004 பிப்ரவரி வரைக்கும் கிருஷ்ணகிரியும் தர்மபுரிதான். பிரித்தபோது மாந்தோப்பும் ஓசூர் கம்பெனிகளும் அங்கே போயின. எங்களுக்கு மிஞ்சியது ஒகேனக்கல். சந்தூர்க்காரரே, இன்றைக்கு உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கள் மாவட்டத்திலிருந்து வருகிறது. அதற்கு எந்த வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு கூடை கொடுத்தீர்கள்? நன்றியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் (10.55)
காவிரிக்குமா கிஃப்ட் கார்டு அனுப்ப வேண்டும்?

சந்தூர் தோப்பு (11.02)
பேச்சை மாற்றாதீர்கள். கொடுப்பது நம் மண்ணின் குணம். தான் தின்றால் நீண்ட நாள் வாழலாம் என்று தெரிந்தும் அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தானே, அதை லஞ்சம் என்பீர்களா? உங்கள் தகடூர் ராஜாதான்.

பாலக்கோட்டான் (11.05)
அதியமான் கொடுத்தது ஒரே ஒரு கனி. கூடை இல்லை. அதைக் கொடுத்துவிட்டு, "கொடுக்காதவனைப் பார்த்தால் பரிதாபம்" என்று ஊருக்கு ஓலை அனுப்பவும் இல்லை. அது நெல்லி காய்க்கிற காலத்தில்தான் கிடைத்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

விதிப்புத்தகம் (11.09)
அதியமான் அரசன், ஔவை புலவர். இங்கே கொடுப்பவர் பெற்றோர், வாங்குபவர் ஆசிரியர். அதனால்தான் முதலிலேயே வரையறை

அரூர் அம்மா (11.10)
சார், தூங்குங்கள்.

மலையடி டீச்சர் (11.15)
செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஒரு ரோஜாப்பூ போதும். இந்த ஏப்ரல் பரிசு எங்கள் காலத்தில் இல்லை. தனியார் பள்ளிகளில் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்த பிறகு வந்த வழக்கம் இது.

சந்தூர் தோப்பு (11.19)
தப்பு டீச்சர். எங்கள் தாத்தா காலத்தில் திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குக் கேழ்வரகும் அவரையும் வீட்டுக்கே போகும். வாத்தியார் பிழைத்ததே அதில்தான்.

மலையடி டீச்சர் (11.22)
அது அவருடைய சம்பளம். எனக்கு அரசாங்கம் கொடுக்கிறது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பாலக்கோட்டான் (11.24)
டீச்சர், அவரிடம் கேழ்வரகு அறுத்தது எந்த மாதம் என்று கேளுங்கள்.

சந்தூர் தோப்பு (11.31)
இவருக்கு என் மேல் எரிச்சல் எதற்கு என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நீலம் மாங்காயைப் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, லோடு போன பிறகு "கொட்டையில் வண்டு" என்று சொல்லிப் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கணக்கைத்தான் இப்போது மல்கோவாவில் தீர்க்கிறார்.

பாலக்கோட்டான் (11.34)
வண்டு இருந்தது. அறுத்துக் காட்டினேன். நான்கு பழத்தில் மூன்றில் வண்டு. சாட்சிக்கு ஆள் இருக்கிறது. அது முடிந்துபோன கணக்கு. ஏப்ரல் 24 முடியவில்லை.

அரூர் அம்மா (11.40)
அப்படியென்றால் மூன்று மணி நேரமாக நாங்கள் எல்லோரும் உங்கள் நீலம் பஞ்சாயத்திலா உட்கார்ந்திருந்தோம்? பிள்ளைகள் பேச்சே காணோம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட் (11.42)
நான் பாப்கார்ன் வாங்கிவிட்டேன். தொடருங்கள்.

பாலக்கோட்டான் (மே 28, காலை 6.15)
இன்று விடியற்காலை மண்டிக்கு முதல் மல்கோவா வந்தது. போட்டோ போட்டிருக்கிறேன். பெட்டி மேல் தேதியைச் சாக்பீஸில் எழுதியிருக்கிறேன், பெரிதாகப் பார்க்கவும். மே 28. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா?

சந்தூர் தோப்பு (காலை 7.02)
கிணற்றோர மரத்தில் காய் முடிந்தே மூன்று வாரம் ஆகிறது.

பாலக்கோட்டான் (7.03)
மரத்தைக் காட்டுங்கள்.

சந்தூர் தோப்பு (7.10)
வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை முடித்துவிட்டு மதியம் வீட்டில்தான் இருப்பேன். பிடித்துவைத்த நீலம் பணத்தையும் எடுத்து வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள்.

அரூர் அம்மா (7.25)
யாராவது இருக்கிறீர்களா? பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் நான்காம் வகுப்புக் குழுவில் பட்டியல் வந்துவிட்டது. "புது மிஸ்ஸுக்கு வரவேற்பு", தலைக்கு 150.

பாலக்கோட்டான் (7.26)
அம்மா, ஒரு நிமிடம். சந்தூர்க்காரரே, மூன்று வாரத்துக்கு முன்னால் முடிந்தது என்றால் மே 7. ஒரே மரம், ஏப்ரல் 24-ல் ஒரு கூடை, மே 7-ல் காலியா?