தூக்கினால்தான் தெரிந்தது அந்தக் கோடு

ஹாம்பிள்காரன்:
40 அடிப் பாய்மரப் படகு, 2001-இல் கட்டியது. வார நாளில் பந்தயம், ஆகஸ்டில் குடும்பத்தோடு பிரான்சின் பிரிட்டனிக் கரை, இரண்டுக்கும் தோது என்று முன்பணமும் கொடுத்துவிட்டேன். கரையில் நிறுத்தியிருந்தபோது அடியில் ஒரு குறையும் இல்லை. படகைச் சோதிக்க வந்த சர்வேயர் கிரேனில் தூக்கச் சொன்னார். வாரில் தொங்கியதும், அடியில் பூட்டியிருக்கும் கனத்த செங்குத்துத் தகடான கீலுக்கும் படகுக்கும் நடுவே, பின்பக்கம், நகம் நுழையும் அளவு வெடிப்பு. பழுப்புத் தண்ணீர் சொட்டியது. இறக்கி வைத்தார்கள், கீல் மேல் எடை உட்கார்ந்ததும் கோடு மூடிக்கொண்டது! "ஒருதடவைகூடத் தரைதட்டியதில்லை" என்று விற்றவர் சொல்லிக்கொண்டே நின்றார்.

சொலென்ட்68:
அண்ணா, வெடிப்பைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை. என் படகிலும் முன்பக்கம் வருஷாவருஷம் வெடிக்கும், மேல்பூச்சுதான். உள்ளே அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் ஃபைபர் சட்டகத்தைத்தான் பார்க்கணும். சுத்தியலால் தட்டினால், ஒட்டு விட்ட இடம் பொத்தென்று கேட்கும். 2014 மே மாதம் 'சீக்கி ராஃபிக்கி' என்ற படகு (பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 ரகம்) ஆன்டிகுவாவிலிருந்து திரும்பும்போது அட்லாண்டிக்கில் கீல் கழன்று அதிலிருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். முன்பு தரைதட்டியதும், பிறகு செய்த ரிப்பேரும் சேர்ந்து அந்த இடத்தைத் தளர்த்தியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

கௌஸ்109:
68, அவர் சொன்னது பின்பக்கம். கீல் பாறையில் மோதினால் பின்முனைதான் மேல்நோக்கிக் குத்தும். அவர் பயந்தது சரியே.
என் கதை சின்னது. ஜே/109 ரகப் பழைய பாய்மரப் படகு வாங்கி, இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றும் 50 கடல்மைல் பந்தயத்துக்குப் போனோம். நீடில்ஸ் பாறைகளைத் தாண்டியதும், ஏடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் மெயின்சைல் (முக்கியப் பாய்) ஏடு ஏடாகப் பிரிந்தது.
விலை பேசும்முன் எல்லாப் பாயையும் விரித்துப் பாருங்கள். பந்தயப் பாயை ஊர்சுற்றத் தேய்க்காதீர்கள், அதற்கு டேக்ரான் (நெய்த பாலியஸ்டர் துணி) செட் தனியாக வேண்டும். ஜே/109 மாதிரி ஃபைபருக்கு நடுவில் பால்சா மரம் வைத்த படகென்றால், டெக் ஓரத்தில் நிற்கும் ஸ்டான்ஷன் கம்பங்களின் அடியில் ஈரமானி வையுங்கள், திருகாணி வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் ரிக்கிங் கம்பிக்குப் பத்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லும் இன்சூரன்ஸ்காரர்கள் உண்டு. அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

ஹாம்பிள்காரன்:
ஆமாம், பின்பக்கம்தான். நான் வாங்கவில்லை, பணம் திரும்பி வந்தது. அடுத்த கோடையில் அதே படகு வேறு பெயரோடு பக்கத்து மரினாவில் நின்றது. டெக்கில் இரண்டு சின்னப் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அப்பா கை அசைத்தார். நானும் அசைத்தேன். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.