மாலை கழற்றிய நாளும் வியாழக்கிழமைக் கூட்டமும்

நன்னிலத்துக்கும் பேரளத்துக்கும் இடைப்பட்ட ஊர் என்னுடையது. நான்கு ஏக்கர் நஞ்சை. மேட்டூரில் நேரத்துக்குத் தண்ணீர் திறந்தால் குறுவை, இல்லையென்றால் சம்பா மட்டும். எங்கள் பக்கத்துக் குடிகாரர்களுக்கு டாஸ்மாக் போதாதென்று காரைக்கால் வேறு அருகில் இருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் அங்கே விலை குறைவு. 17 ஆண்டுகள் அந்தச் சாலையில் போய் வந்தவன் நான்.

ஆண்டுதோறும் கார்த்திகையில் மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறேன். அதைக் காட்டியே, "நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்" என்று வீட்டில் சாதித்தும் வந்தேன். மலைக்குப் போய்த் திரும்பி, குருசாமி மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தேன் என்பதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடைசி ஆண்டில் அதுவும் முடியவில்லை. மாலை போடுவதற்கு மூன்று நாள் முன்னதாகச் சட்டென்று நிறுத்தினேன். இரண்டாம் நாள் கை நடுக்கத்தில் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரவில் சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைப்பத்தால் தட்டிக்கொண்டே இருந்தேனாம். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்துக்கு மருந்தும் கொடுத்துத் தேற்றினார்கள். பல ஆண்டுகள் மதுவின் அழுத்தத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று விலகும்போது கட்டுமீறிக் கிளர்ந்தெழும், உயிரே போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் வைராக்கியத்தை நம்பி வீட்டிலேயே நிறுத்தாதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று இதைப் படிப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பு தேறிய பிறகு, "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்" என்று அங்கிருந்த செவிலியர் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டில் இடத்தை எழுதித் தந்தார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று நான் இங்கே எழுதவில்லை. வருகிறவர்கள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் அடிப்படை. அதனாலேயே பெயர்ப்பலகையும் இல்லை. தேவாலயத்தை ஒட்டிய பள்ளி ஒன்றின் வாசலில் இரண்டு வியாழக்கிழமை நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாரம்தான் காவலாளியிடம் கேட்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "வியாழக்கிழமை கூட்டம்தானே, பின்பக்கம் போங்க" என்றார்.

மூன்றாம் வகுப்பு அறை அது. சின்னப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் நெஞ்சை இடிக்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் என் நெல் மூட்டைகளைத் தூக்கிய லோடுமேன். ஒரு பருவத்தில் அவர் குடித்துவிட்டு மூட்டையைத் தவறவிட்டார் என்பதற்காக நாலு பேர் நடுவில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். ஆளைக் காணோம் என்றபோது திருப்பூருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். குடியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன அவருக்கு.

வெளியில் என்னை "ஐயா" என்றுதான் அழைப்பார். அன்று எழுந்து நிற்காமல், பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து, "வாங்க, உக்காருங்க. இன்னைக்கு ஒண்ணும் பேச வேணாம், கேட்டா போதும்" என்றார். எங்கள் டெல்டாவில் யார் யாருக்குச் சமமாக உட்காரலாம் என்பதற்கு எவ்வளவு கணக்கு உண்டென்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த பெஞ்சில் அவரது தோளும் என் தோளும் உரசிக்கொண்டிருந்தன.

ஒவ்வொருவரும், "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொன்னார்கள். இடையில் யாரும் குறுக்கிடவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பதிவேடு, கட்டணம் எதுவும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே சேரத் தகுதி. அந்த லோடுமேன், மகளின் காதணியை அடகு வைத்த கதையைச் சொன்னார். முடிந்து வெளியே வந்ததும், எனக்காகவா அதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லீங்க, எனக்காகத்தான். சொல்லலேன்னா நான் குடிச்சிடுவேன்" என்றார்.

இந்த அமைப்பே அப்படித்தான் தோன்றியது என்பது பிறகு தெரிந்தது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று தவித்த ஒரு பங்குச்சந்தைக்காரர், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பிடித்துப் பேசினார். அந்த இன்னொருவர் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. என் மனைவி இரண்டு முறை போய்ப் பார்த்தாள், ஒட்டவில்லை, நான் வற்புறுத்தவில்லை. வழி தெரியாமல் நிற்பவர்கள் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

நடுவில் ஒருமுறை சறுக்கினேன். உறவினர் வீட்டுக் கருமாதியில். மறுவாரம் போய் அதைச் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. "48 நாள், வாழ்நாள் முழுக்க என்றெல்லாம் எண்ணாதீங்க, இன்னைக்கு ஒரு நாள்" என்றார் பெரியவர் ஒருவர். அன்றிலிருந்து இரண்டு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகின்றன.

கடந்த கார்த்திகையில் மறுபடியும் மாலை போட்டேன். மலையிலிருந்து வந்து அதைக் கழற்றிய நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. நெற்றியில் சந்தனத்தோடே பேருந்து ஏறிப் போய், அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தேன்.