துளசி மெத்தனால் சாறு: டி.பி.பி.எச் சதவீதம் இறங்குகிறது, வெறும் டி.எம்.எஸ்.ஓ-வும் வளையம் காட்டுகிறது

கேள்வி
உலர்ந்த இலைப்பொடி 10 கிராமை 100 மி.லி. மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு. டி.பி.பி.எச் சோதனையில் (ஊதா நிற டி.பி.பி.எச்-ஐச் சாறு எத்தனை சதவீதம் நிறமிழக்க வைக்கிறது என்று பார்த்து, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளப்பது) மி.லி.-க்கு 200 மைக்ரோகிராம் வரை சதவீதம் ஏறுகிறது, 400-இல் இறங்கிவிடுகிறது. அகார் குழிமுறையில் (பாக்டீரியா பரப்பிய அகாரில் குழியிட்டுச் சாறு ஊற்றுவது) ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு 13 மி.மீ. வளர்ச்சியற்ற வளையம், சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ மட்டும் ஊற்றிய குழியிலும் 9 மி.மீ. ஈ.கோலைக்கு ஒன்றுமே இல்லை. எங்கே பிசகு?

பதில் 1
இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சாற்றின் நிறம். 517 நானோமீட்டரில் சாறே கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். செறிவு கூடக்கூட, டி.பி.பி.எச் மிஞ்சியிருப்பது போல மீட்டர் காட்டும். ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க் வையுங்கள்: அதே அளவு சாறு, டி.பி.பி.எச்-க்குப் பதில் வெறும் மெத்தனால். அதைக் கழித்தால் வளைவு மேலே போய்த் தட்டையாகும். குழாய் கலங்கியிருந்தால் முதலில் மையவிலக்கில் சுற்றித் தெளியவையுங்கள்.

0.1 மில்லிமோலார் டி.பி.பி.எச் கரைசலுக்கு 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி., அன்றன்றைக்குக் கலக்கியது. அதில் 2.9 மி.லி., சாறு 0.1 மி.லி., இருட்டில் 30 நிமிடம். கன்ட்ரோலின் (சாறு சேர்க்காத குழாய்) ஒளி உறிஞ்சல் 1-ஐ ஒட்டி வரவேண்டும், 0.6 வந்தால் கரைசலைக் கொட்டிவிடுங்கள். உங்கள் 200 என்பது ஊற்றிய சாற்றின் செறிவா, குழாயின் இறுதிச் செறிவா? இந்தக் கலவையில் இரண்டுக்கும் 30 மடங்கு வித்தியாசம். இதைச் சொல்லாமல் ஐ.சி.50 (பாதி டி.பி.பி.எச்-ஐ நீக்கும் செறிவு) எழுதினால் யாரும் ஒப்பிட முடியாது.

பதில் 2
டி.எம்.எஸ்.ஓ-வை நீர்க்காமல் ஊற்றியிருப்பீர்கள். 10 சதவீதத்துக்கு இறக்குங்கள், கன்ட்ரோல் குழியிலும் அதே 10. மெத்தனால் முழுக்க ஆவியானதா என்றும் பாருங்கள், மிச்சமிருந்தால் அதுவும் கொல்லும்.

ஈ.கோலையின் வெளிச்சவ்வு பலவற்றை உள்ளே விடாது. அதுபோக, நீரில் கரையாதவை அகாரில் சரியாகப் பரவாது. ஆகவே வளையம் இல்லை என்பதால் செயலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எம்.ஐ.சி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள்: 96 குழித் தட்டில் முல்லர் ஹின்டன் பிராத் (திரவ வளர்ப்பு ஊடகம்) 100 மைக்ரோலிட்டர், அதில் சாற்றைப் பாதிப்பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் தர அளவு) அளவுள்ள பாக்டீரியா கலங்கலை 150 மடங்கு நீர்த்து 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால், மி.லி.-க்கு சுமார் 5 லட்சம் செல். 37 டிகிரியில் 18 மணி நேரம், பிறகு ரெசாசுரின் (உயிருள்ள செல் இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் சாயம்). நீலமாகவே நிற்கும் கடைசி நீர்ப்பு எம்.ஐ.சி.

பதில் 3
ரெசாசுரினை அப்படியே நம்பவேண்டாம். ஒடுக்கும் திறனுள்ள சாறு, ஒரு செல்கூட இல்லாமல் அதை இளஞ்சிவப்பாக்கிவிடும், டி.பி.பி.எச்-இல் நன்றாக வேலை செய்யும் சாறுகளிடம்தான் இந்தத் தொல்லை அதிகம். நுண்ணுயிர் போடாத சாறு வரிசை ஒன்றும் வையுங்கள். அதுவும் சிவந்தால் நிறத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டரை அகாரில் புள்ளி வைத்து, மறுநாள் வளர்ச்சி பாருங்கள். அப்படிக் கிடைப்பது எம்.பி.சி (பாக்டீரியாவைக் கொல்லும் மிகக் குறைந்த செறிவு), அட்டவணையில் எம்.ஐ.சி என்று போட்டுவிடாதீர்கள்.