அய்யா மேசையும் செந்தில் முதுகும்

குரூப்: அய்யா வீடு, பாளையங்கோட்டை

அம்மா: செந்திலுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு காலைல எந்திரிக்கவே முடியல. வீட்டுலருந்து வேலைன்னு அந்த பிளாஸ்டிக் சேர்லயே 10 மணி நேரம் கெடக்கான். நல்ல சேர் எங்க கெடைக்கும் யாராச்சும் சொல்லுங்க

அம்மா: [போட்டோ]

மதன் மாமா: யக்கா இது பந்தி சேர்லா

அம்மா: விசேஷத்துல 4 மிஞ்சுச்சு

சின்னத்தை: யார் வீட்டு விசேஷத்துல மிஞ்சுச்சு? 🤔

கவிதா அக்கா: வலி கால்ல இறங்குதா? மரத்துப் போகுதா?

செந்தில்: இல்லக்கா இடுப்புல மட்டும்

கவிதா அக்கா: சரி. இறங்குச்சுன்னா டாக்டர்ட்ட போயிரு. லேப்டாப் தாழ கெடக்கு, நீ கூனிக்கிட்டு பாக்க

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். போட்டோவ பெருசாக்கி பாத்தேன். 34 வருஷம் டிராயிங் போர்டுல குனிஞ்சவன் சொல்லுதேன், சேர் வாங்கப் போறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க. நேரா உக்காந்து தோள தொங்கவிட்டு முழங்கைய மடக்கி, தரையிலருந்து முழங்கைக்கு எத்தனை இஞ்ச்னு பாருங்க, கீபோர்டு அந்த உயரத்துல இருக்கணும், மேசை அதுக்கு மேல இருந்தா தோள் தூக்கிக்கிட்டே இருக்கும் சாயங்காலம் கழுத்து போயிரும், கீழ இருந்தா முதுகு வளையும். பாதம் முழுசா தரையில படணும், தொங்கக் கூடாது. திரையோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கு வரணும், கைய நீட்டுனா தொடுற தூரம். ஜன்னல் பக்கவாட்டுல இருக்கணும், முதுகுக்குப் பின்னாடி இருந்தா திரையில வெளிச்சம் அடிக்கும். இன்னும் இருக்கு, வாய்ஸ்ல சொல்லுதேன்

பெரியப்பா: [வாய்ஸ் மெசேஜ் 4:12]

மதன் மாமா: அத்தான் 🙏🙏

செந்தில்: முழங்கை 26 இஞ்ச். மேசை 30

பெரியப்பா: அப்ப 4 இஞ்ச் ஜாஸ்தி. மேசைக்கால்ல 4 இஞ்ச் அறுத்துட்டா முடிஞ்சது சோலி

சின்னத்தை: எந்த மேசை

அம்மா: அய்யா மேசைதான் மைனி

சின்னத்தை: அய்யா தேக்கு மேசை கால அறுக்கவா?? பாகம் பிரிக்கைல அந்த ஒரு மேசைதான் கேட்டேன், வீட்ட விட்டு வெளிய போகக்கூடாதுன்னு அண்ணன்தான் சொன்னாவ. இப்ப அறுக்கச் சொல்லுதாவ

பெரியப்பா: நான் அளவத்தான சொன்னேன்

சின்னத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மதன் மாமா: நான் படிச்சுட்டேன் 😂

கவிதா அக்கா: யாரும் எதையும் அறுக்க வேண்டாம். சேர 4 இஞ்ச் ஏத்து. காலுக்கு அடியில பலகை போடு

செந்தில்: கேமிங் சேர் வாங்கட்டா, செவப்பு கலர்ல ஒண்ணு பாத்தேன்

கவிதா அக்கா: கலர வச்சு என்ன செய்ய. சீட்டும் கைப்பிடியும் ஏத்தி இறக்க வரணும். முதுகுல வளைவு பெல்ட் கட்டுற எடத்துல வரணும். சாஞ்சு உக்காந்தா முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு மூணு விரல் கேப். எவ்ளோ நல்ல சேர்னாலும் அரை மணிக்கு ஒருக்க எந்திரி

அம்மா: அத சொல்லு. தண்ணி குடிக்கக் கூட எந்திரிக்க மாட்டான்

மதன் மாமா: பெங்களூர்ல ஆபீஸ் காலி பண்ணுதவங்க பழைய சேர விப்பாங்க, நல்லாவே இருக்கும். சேர ஏத்தி இறக்குற கேஸ் போயிருந்தா மட்டும் உக்காந்த கொஞ்ச நேரத்துல தானா இறங்கிரும். 10 நிமிஷம் உக்காந்து பாத்து எடுக்கணும். புதன்கிழமை வளைகாப்புக்கு கார்லதான வாரேன், பாப்போம்

சின்னத்தை: வளைகாப்புன்னதும் ஞாபகம் வருது, புளியோதரை யாரு செய்யுதா? கண்ணாடி வளையல் எம்மவ கவிதாவுக்கு 2-8 சைஸ் வேணும், 2-6 கை வீங்கி ஏறல

அம்மா: புளியோதரை நான். தேங்கா சாதம் யாருன்னு முடிவாகல

அப்பா: என் பஞ்சாங்கத்த காணும்

செந்தில்: லேப்டாப்புக்கு அடியில இருக்குப்பா. உயரத்துக்கு

அப்பா: 5 வருசத்துது மொத்தமும்?

செந்தில்: ஆமா. இப்ப கண்ணுக்கு நேரா இருக்கு. ஆனா டைப் அடிக்க முடியல

கவிதா அக்கா: தனி கீபோர்டு மவுஸ் வாங்குலே. ஏத்துன லேப்டாப்ல டைப் அடிச்சா மணிக்கட்டு போயிரும்

செந்தில்: இப்போதைக்கு ரெண்டு தலாணி போட்டு உக்காந்துட்டேன், காலுக்கு பலகையும் கெடச்சுட்டு [போட்டோ]

சின்னத்தை: ஏலே அது மணைலா

சின்னத்தை: அம்மா என் கல்யாணத்துக்கு குடுத்தது. அதுமேலயா கால வச்சிருக்க

அம்மா: ஐயோ மைனி நான் பாக்கல. எடுத்து கழுவிருதேன்

சின்னத்தை: புதன்கிழமை கவிதாவ அதுலதான் உக்கார வைக்கணும், கோலம் போட்டு எடுத்து வைங்க

கவிதா அக்கா: அம்மா ஏழாம் மாசத்துல தரையோட இருக்க மணையில உக்காந்தா என்னைய யாரு தூக்குவா

கவிதா அக்கா: எனக்கும் சேர் போடுங்க. மாமா கொண்டாற சேரே போதும், பூ சுத்திருவோம்

சின்னத்தை: சக்கரம் வச்ச சேர்லயா வளைகாப்பு

மதன் மாமா: கொண்டாறேன்னு நான் எங்க சொன்னேன், பாப்போம்னுதான சொன்னேன். டிக்கில ஏறுமோ என்னவோ

பெரியப்பா: டிக்கி அகலம் எத்தனை இஞ்ச்?